கொண்டை ஊசிக் கோடு

அக்கா கதைப்பார், நான் ஓம் என்பேன். எங்கள் இரண்டு பேரின் டெலிபோன் கதை அவ்வளவுதான். அவர் பிரான்சுக்குப் போன காலம் தொட்டு அப்படித்தான் நடந்து வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மத்தியானச் சோறு தின்று சட்டி கழுவிக் கவிழ்க்கிற நேரம் அங்கே அவர் காலைத் தேத்தண்ணீரோடு இருப்பார். பனி கொட்டின கதை, றெயின் ஓடாத கதை, கீழ்வீட்டு நாய் குரைக்கிற கதை, விளைமீன் என்று சொல்லி வேறு ஏதோ மீனைத் தலையில் கட்டிவிட்ட கடைக்காரன் கதை. எல்லாவற்றுக்கும் நான் ஓம் அக்கா, ஓம் அக்கா. என்னுடைய இவர் கதிரையில் சாய்ந்திருந்து கேட்டுவிட்டுச் சொல்வார்:

“உன்ர கொக்காவுக்கு ஒரு கிளியை வாங்கி அனுப்பியிருந்தாலும் காணும். அதுவும் ஓம் எண்டு சொல்லும்.”

அந்த ஓமைச் சொல்வதில் எனக்கிருந்த சந்தோசத்தை இவருக்கு எப்படிச் சொல்லி விளங்கப்படுத்துவது?

சின்ன வயதிலிருந்தே நான் கூச்சம் பிடித்தவள். பள்ளிக்கூடத்தில் இருந்தது அஞ்சாம் வகுப்பு வரைக்கும்தான். அந்த அஞ்சு வகுப்பிலும் ரீச்சர் ஏதாவது கேட்டால் நான் கால் பெருவிரலைப் பார்ப்பேன், அதே மண்டபத்தில் மேல்வகுப்பு வாங்கிலிருந்து அக்கா பதில் சொல்லுவார். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாலும் அப்படித்தான். கோயில் வாசலில் நிறுத்தி வைத்து, அந்தக் கிழமை நான் என்னென்ன பாவம் செய்தேன் என்று அக்காவே சொல்லித் தருவார். நான் உள்ளே போய் அதைச் சுவாமியிடம் ஒப்புவித்துவிட்டு வருவேன். எனக்கு வாயாக இருந்தவர் அவர். வாய் கடல் தாண்டிப் போனபிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் திரும்பி வந்துகொண்டிருந்தது. “அடுத்த திருவிழாவுக்குக் கட்டாயம் வாறன்” என்று ஒவ்வொரு திருவிழாவுக்கும் சொல்லுவார். அதற்கும் நான் ஓம் அக்கா.

பிறகு அக்காவுக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை, வலது கால், அதோடு பேச்சு. ஆஸ்பத்திரியால் வீட்டுக்கு வந்தபிறகு பெறாமகள், அதுதான் அக்காவின் மகள், வீடியோ எடுத்துக் காட்டினாள். ஜன்னலோரம் ஒரு கதிரையில் அக்கா இருந்தார். வாய் ஒரு பக்கம் இழுபட்டிருந்தது. கண் மட்டும் பழைய கண். என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவர் ஏதாவது சொன்னால்தானே நான் ஓம் சொல்லலாம்?

“சின்னம்மா, நீங்கள் என்னத்தையாவது கதையுங்கோவன்” என்றாள் பெறாமகள்.

“என்னத்தைப் பிள்ளை கதைக்கிறது?”

“என்னத்தையாவது. உங்கட குரலைக் கேக்கட்டும்.”

மழை பெய்தது என்றேன். சிவப்புப் பேட்டுக்கோழி அடைகிடக்கிறது என்றேன். அதோடு என்னிடம் இருந்தது முடிந்துவிட்டது. கொஞ்ச நேரம் போக, ஒருவரும் ஒன்றும் கேட்காமலே, “ஓம் அக்கா” என்று என் வாயிலிருந்து தானாக வந்தது. அக்கா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த ஞாயிறுகளும் அப்படித்தான். போன் வரும். இரண்டு கிழவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம். போன் போய்விடும்.

ஒருநாள் பெறாமகள் அக்காவுக்குக் கேட்காதபடி அறைக்கு வெளியே வந்து நின்று கதைத்தாள். கையைப் பழக்குவதற்கு ஆஸ்பத்திரியால் ஒரு பெண்பிள்ளை வீட்டுக்கு வருகிறதாம். இடது கையில் பென்சிலைக் கொடுத்து வட்டம் போடு, பெட்டி போடு என்றால் அக்கா பென்சிலைத் தட்டி எறிகிறாராம்.

“இப்பிடியே ஒண்டிலயும் மனம் வைக்காட்டி ஆள் தனக்குள்ளயே போயிடுவா எண்டு டொக்டர் சொல்லுறா சின்னம்மா. பிறகு கூப்பிட்டாலும் வரமாட்டாவாம்.” அவள் மூக்கை உறிஞ்சினாள். “அம்மா முந்திச் சொல்லுறவா, நீங்கள் ரெண்டு பேரும் கடற்கரையில இருந்து கீறுவீங்களாம் எண்டு. உண்மையே?”

உண்மைதான். எங்கள் பக்கத்தில் படம் வரைவது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள், படம் கீறுவது என்றுதான் சொல்வோம். வரைவது பள்ளிக்கூடப் புத்தகத்துச் சொல். கடலுக்குப் போன எங்கள் தகப்பன், அப்பு, விடியத் திரும்பி வரும்வரை நானும் அக்காவும் ஈரமணலில் குந்தியிருந்து கீறுவோம். முதலில் கரை. கரை கீறுவது அக்காவின் வேலை. குதிக்காலை மணலில் ஊன்றி, இடமிருந்து வலமாய் ஒரே இழுவையாக இழுத்துக்கொண்டு போவார். நான் பொறுக்கமாட்டாமல் வள்ளத்தைக் கீறத் தொடங்கிவிட்டால் தலையில் ஒரு குட்டு விழும்.

“கரை இல்லாட்டி வள்ளம் எங்கயடி நிக்கிறது? ஆகாயத்திலயோ?”

கரை வந்தபிறகு நான் வள்ளம் கீறுவேன், அவர் அதற்குள் அப்புவை இருத்துவார். நான் மீன் கீறுவேன், அவர் அந்த மீனுக்குச் செதில் போடுவார். பிழைத்தால் உள்ளங்கையால் தடவிவிட்டு மற்றது. ஒரு படத்தையும் நாங்கள் முடித்ததில்லை. அலை வந்துவிடும், இல்லாவிட்டால் அப்பு வந்துவிடுவார். கதைக்கத் தெரியாத எனக்கு அந்த மணலில் மட்டும் கூச்சம் இருந்ததில்லை.

“அப்ப நான் ஒரு டெப் அனுப்பிவிடுறன் சின்னம்மா” என்றாள் பெறாமகள். “அம்மாவிட்டயும் ஒண்டு குடுக்கிறன். எந்த அப் நல்லது எண்டு பாத்துப் போடுவம்.”

டெப் என்பது பெரிய போன் போல, சோறு போடுகிற கோப்பை அளவில் ஒரு கண்ணாடிப் பலகை. அப் என்பது அதற்குள் போடுகிறது. செயலி என்று பத்திரிகையில் எழுதுகிறார்கள். ஆனால் அவள் அப், அப் என்று சொல்லச் சொல்ல என் காதில் அப்பு, அப்பு என்றுதான் விழுந்தது. அதை ஒருவருக்கும் சொல்லவில்லை.

பிரான்சிலிருந்து திருவிழாவுக்கு வந்த ஒருவர் கையில் டெப் வந்து சேர்ந்தது. எங்கள் வளவில் சிக்னல் கிணற்றடியில் மட்டும்தான் நிற்கும். கிணற்றடி முருங்கைக்குக் கீழே கதிரையைப் போட்டு, டெப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். பெறாமகள் போனில்.

“வெள்ளையாத் தெரியுதே சின்னம்மா? இனி அதில விரலாலை கீறுங்கோ.”

இழுத்தேன். ஒன்றும் வரவில்லை. மற்ற விரலால் இழுத்தேன். வரவில்லை. கிழிந்த வலை பொத்தியும் கருவாடு காயப்போட்டும் என் விரல் நுனி எல்லாம் தோல் தடித்துச் சிரட்டை மாதிரி. அது அந்தக் கண்ணாடிக்குப் பிடிக்கவில்லைப் போல.

“வரேல்லையடி பிள்ளை.”

“வடிவாக் கீறுங்கோ. அழுத்திக் கீறுங்கோ.”

அவள் சொன்னது கீறச் சொல்லித்தான். கீறு என்றால் எனக்குத் தெரிந்தது மணலில் குச்சியால், சிலேட்டில் சிலேட்டுப் பென்சிலால், தேங்காய் மட்டையில் கத்தியால். எல்லாவற்றுக்கும் ஒரு கூர் வேண்டும். கொண்டையிலிருந்து ஊசியை உருவினேன். அழுத்தி, இடமிருந்து வலமாய் ஒரு இழுவை இழுத்தேன். கிரீச் என்று ஒரு சத்தம். கிணற்றுக் கட்டில் இருந்த காகம் பறந்துவிட்டது.

“ஆ, வந்திட்டுது பிள்ளை, ஒரு கோடு!”

“என்ன நிறம் சின்னம்மா?”

“நிறம் இல்லை. வெள்ளிக்கம்பி மாதிரி.”

இவர் எழும்பி வந்து என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். கொண்டை ஊசியைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார்.

“கீறச் சொன்னவள் பெறாமகள். நீ கீறியே போட்டாய். நல்ல காலம், வெட்டச் சொல்லேல்ல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. பெறாமகள்தான் அங்கிருந்து சிரித்துச் சிரித்துத் தேற்றினாள். கண்ணாடி உடையவில்லைத்தானே சின்னம்மா, கோடு கிடந்தால் கிடக்கட்டும் என்றாள். ஆனாலும் எனக்கு மனம் ஆறவில்லை. அடுத்தநாள் டெப்பைச் சீலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு சந்தியில் இருக்கிற கொமினிக்கேசனுக்குப் போனேன். போன் திருத்துகிற அந்தக் கடையில் ஒரு இளம் பெண் நிற்கிறாள், நல்ல பிள்ளை. கோட்டின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தாள்.

“கண்ணாடிக்கு மேல ஒட்டுத்தாள் ஒட்டாமலே பாவிச்சிருக்கிறியள் அம்மா. கண்ணாடியிலயே விழுந்திட்டுது. கண்ணாடி மாத்தலாம், கொழும்பால எடுப்பிக்க வேணும். வேலை செய்யுது, பிறகேன்?”

எதற்கும் ஒரு கண்ணாடி எடுப்பித்து வை என்றேன். விரல் வேலை செய்யாத கதையையும் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“விரல் காய்ஞ்சு போய்க் கிடக்கு. அது உங்களை ஆளெண்டே எடுக்குதில்லை அம்மா.”

நுனியில் மெல்லிய றப்பர் வைத்த ஒரு பேனையை எடுத்துத் தந்தாள். அந்தப் பேனையை அது ஆள் என்று எடுத்துக்கொண்டது.

பெறாமகள் முதலில் போட்டுத் தந்த அப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். அதற்குள் எத்தனை விதமான தூரிகை! பென்சில், கரித்துண்டு, எண்ணெய் வர்ணம், தண்ணீர் வர்ணம். கரித்துண்டால் இழுத்தால் சர் சர் என்று சத்தம்கூட வந்தது. தண்ணீர் வர்ணத்தில் நீலத்தை வைத்து, அது காய முதல் பக்கத்தில் கொஞ்சம் மஞ்சளை வைத்தால் இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று ஊறி, கடல்தண்ணீர் உள்ளே வந்து தேங்கிக் கிடக்கிற எங்கள் களப்பு விடியப்புறத்தில் எப்படியோ அப்படியே வந்துவிடும். சூரியன் இன்னும் வராத நேரம், இறால் பிடிக்கிறவர்களின் விளக்கு தூரத்தில் தெரிகிற நேரத்துக் களப்பு. நான் அதைத் திரும்பத் திரும்ப வைத்துப் பார்த்தேன். குசினியில் சோறு அடிப்பிடித்தது. இவர் வந்து சட்டியை மணந்து பார்த்துவிட்டு, “இண்டைக்குக் கரித்துண்டுக் கறியோ?” என்று கேட்டார்.

ஒரு குறை இருந்தது. பிழைத்ததை நான் உள்ளங்கையால் தடவினால் அது அழியவில்லை. என் கை அங்கே இல்லாத மாதிரிக் கிடந்தது படம். கொமினிக்கேசன் பிள்ளையிடம் கேட்டேன்.

“கீறேக்க கை பட்டுப் பழுதாகக் கூடாதெண்டு அப்பிடித்தான் செய்திருக்கினம் அம்மா. நல்ல விசயம்தானே?”

ஓம் என்றேன். மனதுக்குள், கை படாமல் கீறுகிறது என்ன கீறல் என்று இருந்தது.

களப்பை ஒரு படம், கரையில் வலை வைக்கிற கொட்டிலான வாடியை ஒரு படம், பூவரசை ஒரு படம் என்று கீறி அக்காவுக்கு அனுப்பினேன். பூவரசம்பூவின் நடுவில் இருக்கிற அந்தக் கருஞ்சிவப்பு வருவதற்கு ஒரு பின்னேரம் முழுக்கப் போனது. பெறாமகள் அக்காவிடம் காட்டினாளாம்.

“என்ன செய்தவா?”

“பாத்தவா சின்னம்மா. கனநேரம் பாத்தவா. பிறகு கண்ணை மூடிப்போட்டா.”

“டெப்பைக் கையில குடுத்தனியோ?”

“குடுத்தன். தள்ளிவிட்டிட்டா.”

அன்று பின்னேரம் முழுக்க நான் யோசித்தேன். யோசித்துப் பார்க்க, பிழை என்னுடையது மாதிரித் தெரிந்தது. நான் முடித்த படத்தை அல்லவா அனுப்புகிறேன்? அதில் அக்காவுக்கு எங்கே இடம்? மணலில் நாங்கள் அப்படிக் கீறினோமா? வள்ளம் என்னுடையது என்றால் அப்பு அவருடையவர். நான் பூவரசம்பூவின் நடுவைக்கூட விட்டுவைக்காமல் நிரப்பிவிட்டு, பார் அக்கா என்றால், அவர் பார்த்துவிட்டுக் கண்ணை மூடத்தானே செய்வார்?

அடுத்த ஞாயிறு, நான் என் வாழ்நாளில் முதல்தரமாகப் பெறாமகளிடம் எனக்கென்று ஒன்றைக் கேட்டேன்.

“பிள்ளை, ரெண்டு பேரும் ஒரே மணலில இருக்கிற மாதிரி அப் இல்லையோ?”

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு, “இங்க நீங்கள் கீறக் கீற அங்க அம்மாவுக்குத் தெரியவேணும், அவா கீறினா உங்களுக்குத் தெரியவேணும், அப்பிடியோ?” என்றாள்.

“ஓம். அப்பிடித்தான்.”

அப்படி நிறைய இருக்கிறதாம். அவள் தேடித் தேடிப் போட்டுத் தந்தாள். ஒன்று சின்னப்பிள்ளைகளுக்கானது. ஒரு கோடு இழுத்தால் போதும், நட்சத்திரம் கொட்டும், முயல் ஒன்று வந்து கைதட்டும், வெரி குட் என்று ஒரு பெண் குரல் கத்தும். கிணற்றடியில் அந்தச் சத்தம் கேட்டு வேலிக்கு அங்காலிருந்து எட்டிப் பார்த்தார்கள். எனக்கு நிலத்துக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. இவர் மட்டும் ஒரு கிழமையாய் நான் என்ன செய்தாலும், தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தாலும், “வெரி குட்” என்றார்.

மற்றது நல்ல வடிவான அப். தண்ணீர் வர்ணமும் இருந்தது, இரண்டு பேர் சேர்ந்தும் கீறலாம். பெறாமகளுக்கு அதுதான் பிடித்தது. ஆனால் அதற்கு எங்கள் கிணற்றடிச் சிக்னல் காணாது. அவள் அங்கே கீறிப் பார்த்தாள். எனக்கு ஒன்றும் வரவில்லை. பிறகு திடீரென்று எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது, ஒரு பூ முழுதாக. கோடு வருவதைக் காணவில்லை, கோடு வந்தபிறகுதான் கண்டேன்.

“கொஞ்சம் பிந்தி வருது, அவ்வளவுதான் சின்னம்மா. மற்றதுகளை விட இது எவ்வளவு வடிவு?”

வடிவுதான். ஆனால் அக்காவின் குதிக்கால் இழுபட்டுக்கொண்டு போவதைப் பார்க்காமல், போன தடத்தை மட்டும் பார்த்து நான் என்ன செய்வது?

கடைசியாக ஒன்று. படம் கீறுவதற்கென்று செய்ததே இல்லையாம். ரீச்சர்மார் வீட்டிலிருந்து பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பிக்கிற வெள்ளைப் பலகையாம். தூரிகை இல்லை, ஒரேயொரு பேனைதான். கறுப்பு, நீலம், சிவப்பு, பச்சை, அந்த நாலு நிறம்தான். மணல் நிறம் இல்லை. ஆனால் அவள் அங்கே பேனையை அசைக்க அசைக்க இங்கே கோடு எறும்பு மாதிரி ஊர்ந்து வந்தது. யார் கீறுகிறாரோ அவரின் பெயர் எழுதிய ஒரு சின்னக் கொடி அந்தக் கோட்டின் நுனியில் கூடவே போனது. இன்னும் ஒன்று. தெரியாமல் நான் உள்ளங்கையை வைத்துத் தடவினேன். அழிந்தது! கை பெரிதாகப் பட்டால் அதை அழிறப்பர் என்று எடுக்குமாம்.

“உதையே சின்னம்மா எடுக்கப் போறியள்? அதில ஒரு வடிவும் இல்லையே. கணக்குப் பலகை.”

கொமினிக்கேசன் பிள்ளையும் முதல் அப்தான் நல்லது என்றாள். பெரிய படக்காரர் எல்லாம் அதில்தான் கீறுகிறார்களாம். இவரிடம் கேட்டேன். இவர் டெப்பைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“நீ என்ன மீனுக்குப் போறாய்?”

“இதென்ன கேள்வி?”

“சின்னச் சூடை மீனுக்குப் போறவன் பெரிய கண் வலையோட போறானோ? வலை வடிவா இருக்கெண்டு கடலுக்குள்ள விட்டிட்டு வெறுங்கையோட வா.”

கணக்குப் பலகையே போதும் என்று பெறாமகளிடம் சொன்னேன். சொல்லும்போது என் களப்பு நினைவுக்கு வந்தது, நீலமும் மஞ்சளும் ஊறுகிற அந்தக் களப்பு. பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஞாயிறு பூசையில் ஒன்றும் காதில் விழவில்லை. மத்தியானம் சட்டியைக் கழுவாமலே போட்டுவிட்டுக் கிணற்றடிக்குப் போனேன். பெறாமகள் சொல்லியிருந்தாள்: “நான் அம்மாவின்ர கதிரைக்குப் பக்கத்து மேசையில டெப்பைச் சரிச்சு வைச்சிட்டு, அவா பிடிக்க லேசா ஒரு தடிச்ச பேனையையும் வைச்சிட்டு, குசினிக்குள்ள போயிடுவன். கீறுங்கோ எண்டு ஒண்டும் சொல்லமாட்டன். நீங்களும் போன் எடுக்காதையுங்கோ. உங்கட பாட்டில கீறுங்கோ.”

வெள்ளைப் பலகை திறந்தது. மூலையில் அக்காவின் பெயர் எழுதிய கொடி நின்றது. அசையவில்லை. பெயரைக் கண்டதும் எனக்குப் பழைய கூச்சம் வந்துவிட்டது. ரீச்சர் கேள்வி கேட்டுவிட்டு நிற்கிற மாதிரி. கால் பெருவிரலைப் பார்த்தேன்.

பிறகு வள்ளத்தைக் கீறினேன். நீலத்தில். வெறும் வள்ளம், உள்ளே ஒருவரையும் இருத்தவில்லை. பக்கத்தில் கறுப்பில் வாடி. வாடிக்குப் பக்கத்தில் பச்சையில் ஒரு தென்னை, கொஞ்சம் கடல் பக்கம் சரிந்தது. அந்தப் பக்கம் சிவப்பில் இரண்டு பெட்டைப்பிள்ளைகள், குந்தியிருக்கிற மாதிரி. ஒருத்திக்கு முகம் போட்டேன். மற்றவளுக்குப் போடாமல் விட்டேன். கீழே கடலுக்கு என்று இடம் விட்டேன், அதுவும் வெறுமையாக. மீன் எல்லாம் அக்கா போடட்டும்.

கீறி முடித்துப் பேனையை மடியில் வைத்தேன். கொடி அதே மூலையில் நின்றது.

முருங்கையிலிருந்து ஒரு இலை கண்ணாடியில் விழுந்தது. எடுத்துப் போட்டேன். சிக்னல் போய்விட்டதோ என்று பார்த்தேன். இருந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டிருப்பார் என்று நினைத்தேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். நான் என்ன கீறி என்ன, அங்கே அவருக்கு அது கணக்குப் பலகைதானே. இவர் வீட்டுக்குள்ளிருந்து, “என்ன, பட்டுதோ?” என்று கேட்டார், மீன் பட்டதோ என்று கேட்கிற மாதிரி. இல்லை என்று தலையை ஆட்டினேன். இவருக்கு நான் தலையாட்டியது தெரிந்திருக்காது. ஆனால் திரும்பக் கேட்கவில்லை.

பலகையை மூடுவோம் என்று கையைக் கொண்டுபோன நேரம் கொடி அசைந்தது.

மேலே போனது. கீழே விழுந்தது. வள்ளத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒரு புள்ளி வந்தது, கறுப்பாக, அவ்வளவுதான். பிறகு கொடி இடது பக்கக் கடைசிக்குப் போனது.

இடது பக்கக் கடைசியிலிருந்து ஒரு கோடு புறப்பட்டது. நடுங்கி நடுங்கி வந்தது. ஒரு இடத்தில் நின்றது, பிறகு கொஞ்சம் கீழே இறங்கித் திரும்பவும் தொடங்கியது. அதற்குப் பிறகு நிற்கவில்லை. வள்ளத்துக்குக் கீழால் போனது. வாடிக்குக் கீழால், தென்னைக்குக் கீழால், குந்தியிருந்த இரண்டு பெட்டைகளின் காலுக்குக் கீழால், வலது பக்கத்துக் கடைசிவரை, ஒரே இழுவையாக.

போன் அடித்தது. பெறாமகள். அழுகிறாளோ சிரிக்கிறாளோ தெரியவில்லை.

“சின்னம்மா, பாத்தனீங்களே? பாத்தனீங்களே? தானாத்தான் பேனையை எடுத்தவா. நான் கதவு நீக்கலுக்குள்ளால பாத்துக்கொண்டு நிண்டனான். இப்ப படத்தைக் காட்டிக் காட்டித் தலையை ஆட்டுறா. ஏசுற மாதிரிக் கிடக்கு.” அவள் மூச்சு வாங்கினாள். “ஏன் சின்னம்மா எல்லாத்தையும் அந்தரத்தில கீறி வைச்சனீங்கள்?”

“அந்தரத்திலயோ? கரையிலயெல்லே வைச்சனான்” என்றேன்.

“எங்க கரை? கரை ஒண்டும் இருக்கேல்லையே. வள்ளம், வீடு, மரம் எல்லாம் ஆகாயத்தில நிண்டுது.”

குனிந்து பார்த்தேன். என் வள்ளமும் வாடியும் தென்னையும் வரிசையாக நின்ற கோடு கொண்டை ஊசிக் கோடு. கண்ணாடியில் கிடக்கிற கோடு. இத்தனை நாள் பார்த்துப் பார்த்துப் பழகி, அதைக் கரை என்றே எடுத்து, நினையாமலே எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்தி வைத்திருக்கிறேன். என் மடியில் இருந்த கரை அக்காவின் மேசைக்குப் போகவில்லை. அக்கா கண்டது ஆகாயத்தில் தொங்கிய வள்ளத்தை.

பெறாமகள் போனை அக்காவின் முகத்துக்கு நேரே பிடித்தாள். வாய் அதே மாதிரித்தான் இழுபட்டிருந்தது. சத்தம் ஒன்றும் வரவில்லை. ஆனால் புருவம் இரண்டும் மேலே ஏறியிருந்தன. அந்தப் புருவத்தை எனக்குத் தெரியாதா? குட்டு விழப்போகிற நேரத்துப் புருவம்.

“ஓம் அக்கா” என்றேன்.

அதற்குப் பிறகும் அக்காவுக்குப் பேச்சு வரவில்லை. வரும் என்று டொக்டர் சொல்லவுமில்லை. கணக்குப் பலகையில் மீனுக்குச் செதில் போடும் அளவுக்கு அந்த இடது கை இன்னும் வரவில்லை. வள்ளத்துக்குள் அப்புவும் இன்னும் ஏறவில்லை. கரை மட்டும் கீறுகிறார். சில ஞாயிறுகளில் அதுவும் இல்லை, கொடி மூலையிலேயே நின்றுவிட்டுப் போய்விடும். அப்படியான நாட்களில் நான் முதல் அப்பைத் திறந்து, நீலத்தையும் மஞ்சளையும் வைத்து, களப்பு ஊறுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பேன். அதை ஒருவருக்கும் அனுப்புவதில்லை.

கொழும்பிலிருந்து கண்ணாடி வந்துவிட்டது, மாற்றித் தரட்டுமா என்று கொமினிக்கேசன் பிள்ளை கேட்டாள். வேண்டாம் என்றேன். படம் பார்க்க அந்தக் கோடு இடைஞ்சல் இல்லையா அம்மா என்றாள். சிரித்துவிட்டு வந்தேன். அக்காவின் கரை என் கரைக்குக் கொஞ்சம் கீழேதான் எப்போதும் விழுகிறது. அந்த இரண்டு கோட்டுக்கும் இடையில் ஒரு விரல் அகலம் கிடக்கும்.

இப்போது தெரிந்தே செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிய, கிணற்றடியில் இருந்து, கொண்டை ஊசிக் கோட்டின்மேல் வள்ளத்தை நிறுத்திவிட்டுப் பேனையைக் கீழே வைத்துவிடுவேன். கரை கீறமாட்டேன்.

“இண்டைக்கும் வள்ளம் ஆகாயத்திலதானோ?” என்று இவர் உள்ளேயிருந்து கேட்பார்.

“ஓம்” என்பேன். கொடி நிற்கிற மூலையைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.